எஞ்சின் பின்னால்தான் இருக்கும்

என் ஜோவுக்கு,

நீ ஓசூர் பஸ் ஏறி இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு ஏதாவது வேலை பார்ப்பாய். எழுதியதைப் படித்துத்தான் ஆக வேண்டும். இதை நீ புதன்கிழமைக்கு முன்னால் படித்தாக வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஏதோ பஸ் நேரத்தைச் சொல்வதுபோல, "நான் ஜெர்மனி வேலைக்குப் போகலம்மா, அந்தக் கார் கம்பெனிக்கு புதன்கிழமை மெயில் அனுப்பிடுறேன்" என்றாய். உன் அப்பா இடது கையில் ஸ்பூனைப் பிடித்தபடி தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஏன் என்று கேட்டேன். "அது இப்ப அந்தக் காரே இல்லம்மா. பேட்டரி வெச்சுட்டாங்க. நான் அங்க போயி பேட்டரிய குளுகுளுன்னு வெச்சுக்கணுமாம்" என்று சிரித்தாய். உன் சிரிப்பை இருபத்து மூன்று வருடமாகப் பார்க்கிறேன். நேற்றையது உன் சிரிப்பு இல்லை. அப்போது நான் அப்பளம் எடுக்க உள்ளே போனேன். சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

அந்தக் கார் நம் வீட்டுக்குள் வந்தது என் வழியாகத்தான். கல்லூரி நூலகத்தில் பழைய பத்திரிகைகளைக் கழிக்கும்போது, எடைக்குப் போட மனம் வராமல் ஒரு கட்டு கார் பத்திரிகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடிபட்ட வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் வீடுதானே, அப்பா பார்ப்பார் என்று நினைத்தேன். அப்பா ஒன்றைப் புரட்டிவிட்டு, "இதுல எல்லாமே புது வண்டி, ஒண்ணுகூட அடிபட்ட வண்டி இல்ல" என்று வைத்துவிட்டார். பிடித்துக்கொண்டது நீதான். அதிலும் ஒரே ஒரு கார். இரண்டு கதவு, பின்பக்கம் சறுக்குமரம்போல இறங்கும் கூரை, தவளைக் கண்போல இரண்டு விளக்கு. மற்ற பிள்ளைகளுக்கு ராஜா கதை சொல்லித் தூங்க வைத்தார்கள். நான் உனக்கு அந்தக் காரின் கதையைச் சொன்னேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தது என் வாழ்க்கையில் உதவிய ஒரே இடம் அது. இன்று நீ அந்தக் காரைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு அறிந்தவன். இருந்தாலும் அந்தக் கதையை இன்னொரு முறை சொல்லவிடு, ஏனென்றால் நீ அதில் ஓர் இடத்தை மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

அந்தக் காரில் எஞ்சின் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. பின்சக்கரங்களுக்கும் பின்னால், வாலில். சின்ன, எளிய கார் ஒன்றிலிருந்து வளர்ந்து வந்ததால் அந்த இடம் அதோடு பிறந்துவிட்டது. கனம் முழுவதும் பின்னால் இருப்பதால் வேகமாக வளைவில் போகும்போது, ஓட்டுகிறவர் பயந்து சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். இதை நான் சொன்னபோது நீ படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "அப்ப எஞ்சின முன்னாடி வெச்சுட வேண்டியதுதானே?" என்று கேட்டாய். நல்ல கேள்வி. அந்தக் காரைச் செய்தவர்களுக்கும் அது தோன்றாமல் இருந்திருக்காது. ஆனால் அவர்கள் வேறு வழியில் போனார்கள். முதலில் முன்பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். பிறகு எஞ்சினை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பின்சக்கரங்களைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்கள். பின் டயர்களை அகலமாக்கினார்கள். வாலைக் காற்று அழுத்திப் பிடிக்கட்டும் என்று வாத்தின் வால்போல ஒன்றை ஒட்டினார்கள். டர்போ வந்து காருக்கு அசுர பலம் வந்தபோது மறுபடியும் வால் சுற்றியது, மறுபடியும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு கட்டத்தில் கம்பெனிக்கே அலுத்துவிட்டது. முன்னால் எஞ்சின் வைத்த அழகான பெரிய கார் ஒன்றைச் செய்தார்கள், இனி இதுதான், பழையது போகட்டும் என்று இருந்தார்கள். வாங்குகிறவர்கள் விடவில்லை. புதிதாக வந்த தலைவரும் விடவில்லை. கடைசியில் நின்றுபோனது முன்னால் எஞ்சின் வைத்த கார்தான். அறுபது வருடங்கள் தாண்டியும் வாலில் எஞ்சினோடு ஓடிக்கொண்டிருப்பது இது.

காற்றால் குளிர்ந்துகொண்டிருந்த எஞ்சினை அவர்கள் தண்ணீரால் குளிர வைத்ததையும், வட்ட விளக்குகளை மாற்றியதையும் சொன்ன இரவு உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ எல்.கே.ஜி. அந்த விளக்கு, தோசைக்கல்லில் உடைந்துபோன முட்டைபோல ஒரு பக்கம் வழிந்திருந்தது. படத்தைப் பார்த்ததும் உன் உதடு பிதுங்கிவிட்டது. "இது அது இல்ல. இது அழுவுற மூஞ்சி" என்றாய். உலகம் முழுக்கப் பெரிய மனிதர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீ கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, உன் சின்னக் கையால் விளக்குகளை மூடினாய். மிச்சத்தை மட்டும் பார்த்தாய். கூரையின் சறுக்கல், அகன்ற இடுப்பு, குட்டையான வால். "இப்ப அதேதான்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாய். நான் வெகுநேரம் விழித்திருந்தேன். மாறிவிட்ட ஒன்றை அடையாளம் கண்டுகொள்ள ஒரு குழந்தைக்கு ஒரு கை போதுமாக இருந்தது.

அந்தக் காரை முதன்முதலாக நேரில் பார்த்தது உன் பத்தாவது வயதில். கப்பன் பார்க் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் சாப்பிட வந்தவர்கள் வரிசையாக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அவற்றில் ஒன்று பழையது, உளுத்தம்பருப்பு நிறத்தில். நீ பக்கத்தில் போகப் பயந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பாவோ நேராகப் போய், அதன் சொந்தக்காரப் பெரியவரிடம், "எஞ்சின் பின்னாடின்னா முன்னாடி என்னா சார் இருக்கும், சோத்து டப்பாவா?" என்று கேட்டுவிட்டார். நீ வெட்கத்தில் செத்துப்போனாய். அவர் சிரித்து முன்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே உண்மையாகவே அவர் மனைவி கட்டிக்கொடுத்த டிபன் கேரியர் இருந்தது. "பா மரி, கூத்கோ" என்று, வா குட்டி, உட்கார் என்று கன்னடத்தில் கூப்பிட்டு, உன்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார். வாங்கிய புதிதில் நந்தி மலை வளைவில் பயந்து காலை எடுத்ததாகவும், கார் ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியையே பார்த்து நின்றதாகவும் அவர் சொன்னார். "விக்கலையா சார்?" என்றார் அப்பா. "எதுக்கு? அதுக்கு நான் புதுசு, எனக்கு அது புதுசு" என்றார் அவர், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா அந்த டிபன் கேரியரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். நீ கேலி செய்த அந்தப் பேட்டரியை அவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள்? முன்னால். நீயே போன மாதம் படம் காட்டினாய். இரும்புக் கட்டிக்குப் பிறகு அந்தக் காரில் வாலின் கனத்துக்கு ஈடாக முன்னால் என்ன வைத்தார்கள்? முன்மூலைக்கு ஒன்றாக இரண்டு பேட்டரி. உனக்கு நான் சொன்னதுதான், நீ மறந்துபோனது இந்த இடத்தைத்தான். அன்று எடைக்காக வைத்தார்கள், இன்று பலத்துக்காக வைக்கிறார்கள். அந்தக் காருக்குப் பேட்டரி வேற்று ஆள் இல்லை, பழைய உறவுதான். தண்ணீர் வந்தபோது இது அந்தக் கார் இல்லை என்றார்கள், ஸ்டியரிங்கில் மின்சாரம் வந்தபோதும் சொன்னார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்றால் உனக்கு எவ்வளவு தெரியும்? ஆகவே பேட்டரி உன் காரணம் இல்லை. உன் காரணம் அப்பா. அதை நீ அவர் முன்னால் சொல்ல முடியாமல் பாவம் ஒரு காரின் தலையில் போட்டாய்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை போனபோது, நீ லீவு போட்டு வந்து எங்களைத் தாங்கியதை நான் எந்நாளும் மறக்கமாட்டேன். ஜீவனஹள்ளியில் அப்பாவின் பெயின்ட் ஷெட்டில் சலீமோடு நின்று வேலையைப் பார்த்துக்கொண்டாய். எத்தனை வருடமாக அப்பாவிடம் ஸ்ப்ரே அடிக்கும் சலீமே, "அண்ணனுக்கு அப்புறம் தம்பிதான்" என்று என்னிடம் சொன்னான். அப்பா கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் ஷெட் வாசலில் ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டாய். மேலே ஒரு ஃபேன். "நீ உக்காந்து பாத்தா போதும்பா. எதையும் தொடாத" என்றாய். கலர் கலக்கும் மேசைக்குப் போகும் வழியில் ஒரு கட்டையையும் குறுக்கே வைத்தாய், தின்னர் வாசனை ஆகாது என்று. எல்லாம் அன்புதான். அப்பா இரண்டு நாள் அங்கே உட்கார்ந்தார். மூன்றாவது நாள் வரவில்லை என்று சொல்லிவிட்டார். களைப்பு என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ ஓசூர் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் சாயங்காலம், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது என் கையைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: "நான் என்னா, ஷோரூம்ல நிறுத்தி வெச்ச வண்டியா? வர்றவன் போறவன் எல்லாம் பாத்துட்டு போறதுக்கு?"

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஜீவனஹள்ளி போனேன். உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம், நீ பயப்படுவாய் என்று. நான் ஐம்பத்தைந்து கிலோ, அவர் எண்பத்தைந்து. அதுவும் இடது கையால் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். ஸ்கூட்டரின் முன்சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. ரயில்வே பாலத்துக்கு அடியில் வரும் வளைவில் எதிரே ஒரு பி.எம்.டி.சி. பஸ். நான் பதறி ஆக்ஸிலேட்டரை விட்டேன். வண்டி அப்படியே பாம்புபோல நெளிந்தது. பின்னாலிருந்து அப்பா காதுக்குள் சொன்னார்: "பயந்து வுடாதடி. அப்படியே போ, அப்படியே போ." எப்படியோ போய்ச் சேர்ந்தோம். நான் ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் சுவரில் சாய்ந்து சிரிக்கிறார். "புரியுதா? அந்தக் கார்க்காரனுங்க கஷ்டம்? எஞ்சின் பின்னாடி இருக்குது" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இனி ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பதா, அல்லது இதற்கு ஒரு வழி யோசிப்பதா என்று நின்றேன். அந்த வாரம் யோசித்தேன். அடுத்த சனிக்கிழமை முதல் முன்சக்கரத்துக்குக் கனம் சேர, என் காலடியில் நிறைந்த பிரைமர் பெயின்ட் டின் இரண்டை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். ஷெட்டில் எடுப்பதும் இல்லை, வீட்டில் இறக்குவதும் இல்லை, அவை எங்களோடு போய் எங்களோடு வருகின்றன. டயரில் காற்றை மாற்றினேன், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன், உள்ளே போன பிறகு பதறுவதில்லை. இப்போது ஸ்கூட்டர் கோடு போட்டதுபோலப் போகிறது. இதை உன்னிடம் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் இதன் அருமை தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

ஷெட்டில் குறுக்கே இருந்த கட்டையைச் சலீம் எடுத்துவிட்டான். அப்பா கலர் கலக்குகிறார், இடது கையில் குச்சியைப் பிடித்துத் துளித்துளியாக. ஸ்ப்ரே கன் சலீம் கையில். பெயின்ட் படாமல் இருக்க, கண்ணாடி, ரப்பர் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டிக் காகிதம் கட்டுவது நான். முதல் வாரம் நான் ஒட்டியதை எல்லாம் அப்பா பிரித்துப் போட்டார். "லைப்ரரி புஸ்தகத்துக்கு அட்டை போடுற மாதிரி போடாதடி" என்று திட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தொழில் செய்யும் இடத்தில் நான் அரை மணி நேரம்கூட நின்றதில்லை. அவர் அங்கே பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. சனிக்கிழமை நீ வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து, அவர் விரல்களைத் தின்னரில் துடைத்து, சோப்புப் போட்டு, பவுடரும் அடித்துக் கட்டிலில் உட்கார வைத்துவிடுவேன். நீ உள்ளே வந்து, "என்னப்பா, போரடிக்குதா?" என்று கேட்பாய். அவர் பாவமாகத் தலையாட்டுவார். இரண்டு கிழட்டுத் திருடர்கள்போல உன்னை ஏமாற்றினோம். உன்னைப் பயத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, கட்டிலை விட்டு எழாத ஓர் அப்பாவை வாரா வாரம் உனக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த அப்பாவுக்காகத்தான் நீ வேலையை வேண்டாம் என்கிறாய். அப்படி ஒருவர் இல்லை, ஜோ.

உன் பஸ் போன பிறகு அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு, "சொல்லிடு அவன்கிட்ட, சனிக்கிழமை நாம என்னா பண்றோம்னு" என்றார். நீங்களே சொல்லுங்களேன் என்றேன். "நான் சொன்னா, அவனுக்குத் தைரியம் குடுக்க பொய் சொல்றேன்னு நெனைப்பான். நீ எழுது. என்னால அவன் நின்னுட்டான்னா, இந்தக் கை போனதைவிட அது பெரிய அடி" என்றார். சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

உனக்கும் எனக்கும் இடையில் பூசி மெழுக வேண்டாம். அப்பாவுக்குப் பக்கவாதம் மறுபடியும் வரலாம். வராது என்று டாக்டர் சொல்லவில்லை. வந்தால் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன், அடுத்து உன்னைக் கூப்பிடுவேன். நீ வந்து சேரும்வரை நானும் சலீமும் பார்த்துக்கொள்வோம். நீ ஓசூரில் இருந்தாலும் அந்த முதல் மணி நேரத்தில் இருக்கப்போவது நாங்கள்தான். உனக்கு எழுதத் தயங்கிய வரி ஒன்று மிச்சம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ பக்கத்தில் இல்லாத இந்த மாதங்களில் நானும் உன் அப்பாவும் சந்தோஷமாக இருக்கிறோம். ஒரு தாய் பிள்ளைக்கு எழுதக்கூடிய வரியா இது என்று இரண்டு முறை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன், ஏனென்றால் உன்னை அனுப்பிவைக்க என்னிடம் இதைவிட நல்ல காரணம் இல்லை.

அங்கே போனால் உன் மேசைக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர், பழைய எஞ்சின் சத்தத்தில் வளர்ந்தவர், உன் பேட்டரியைப் பார்த்து முகம் சுளிப்பார். அவரோடு வாதாடாதே. அவர் சொல்வதைக் கேட்டுக்கொள், அவர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று பார், அதைக் காப்பாற்றிக்கொண்டு உன் வேலையைச் செய். அந்தக் காரை இத்தனை வருடம் செய்துவந்தவர்கள் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். காலையில் சாப்பிடாமல் போகாதே. கோபம் வந்தால் உன் அப்பாவைப்போல மௌனமாகிவிடாதே, என்னைப்போல அப்பளம் எடுக்கவும் போகாதே, அந்த இடத்திலேயே சொல்லிவிடு.

இன்னொரு விஷயம். ஆம்பூர் சித்தி மகள் ஸ்டெல்லாவுக்குப் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க நல்ல இடம் வேண்டும் என்று சித்தி காலையில் போன் செய்தாள். உன் அறையைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அடுத்த மாதம் வருகிறாள், அப்பா இப்போதே அந்தச் சுவருக்குக் கலர் யோசித்துக்கொண்டிருக்கிறார். நீ லீவுக்கு வரும்போது ஹாலில் படுத்துக்கொள். நல்ல பாயாக ஒன்று வாங்கி வைக்கிறேன்.

அம்மா